மெலிந்தவர்க்கும் கொழுப்பு உண்டு

"உமக்குக் கொழுப்பு" என்று எவரேனும் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டால் அவருடன் ஆறு மாதம் பேசாதிருக்கும் குலத்திலே பிறந்தவர்கள் நாம். அதே சொல்லைச் சென்ற தை மாதத்தில் வெள்ளவத்தையிலுள்ள பரிசோதனை நிலையமொன்றிலே அச்சிட்ட தாளில் எழுதி, கையொப்பமும் இட்டுக் கொடுத்தார்கள். நாமோ கட்டணத்தைச் செலுத்தி, நன்றியுங் கூறி அதனை வாங்கிக்கொண்டு வந்தோம். ஈரலிற் கொழுப்பு, முதலாந் தரம் என்பது அத்தாளின் சாரம்.

நாம் போனது வேறொரு காரியத்துக்கு. வலது விலாவின் கீழே சில நாட்களாக ஒரு நோவு இருந்தது. பித்தக் கல்லாக இருக்கலாம் என்று வைத்தியர் ஐயுற்று ஸ்கான் எடுக்கச் சொன்னார். கல் இல்லை. கல்லைத் தேடப் போன இடத்திலே கொழுப்பு அகப்பட்டது.

வாசகர்கள் எம்மைக் கண்டதில்லையாதலால் எமது தோற்றத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவேண்டியிருக்கிறது. உயரம் 170 சென்ரிமீற்றர், நிறை 64 கிலோகிறாம். கல்லூரியிலே மாணாக்கர் எமக்கு இட்டு வழங்கும் பெயர் 'ஈர்க்கு மாஸ்டர்' என்பது எமக்குத் தெரியாது என்று அவர்கள் எண்ணிக்கொண்டிருக்கிறார்கள். ஈர்க்குக்குக் கொழுப்பு வந்தது எங்ஙனம்?

இச் செய்தியை முதன்முதலாகக் கேட்டவர் கொட்டாஞ்சேனையிலிருந்து நாள்தோறும் எம்முடன் பேருந்தில் வரும் நண்பர். அவர் அக்கம்பக்கம் பார்த்து, குரலைத் தாழ்த்தி, "மாஸ்டர், உள்ளதைச் சொல்லும். மறைவிலே ஏதும் பாவிக்கிறீரோ?" என்றார். நாம் வாழ்நாளில் ஒரு துளி மதுவும் தொட்டதில்லை. ஆயினும் அன்று ஒரு நாழிகை நேரம் குற்றவாளிக் கூண்டிலே நின்றோம். ஈரல் என்றாலே குடி என்பது நம்மவரின் முடிந்த முடிபு. வைத்திய உலகமும் நெடுங்காலம் ஏறத்தாழ அப்படித்தான் எண்ணியிருந்தது. குடியாதவரின் ஈரலிலும் கொழுப்புச் சேர்ந்து, அழற்சி கண்டு, தழும்பு விழக்கூடும் என்பதை அமெரிக்காவின் மாயோ வைத்திய நிலையத்தைச் சேர்ந்த யூர்கன் லூட்விக் என்பாரும் அவருடைய துணைவரும் ஒரு பெயரிட்டு எழுதியது 1980 ஆம் ஆண்டிலேதான். அப்பெயரும் 'மதுசாரம் சாராத' என்ற அடையுடனேயே வழங்கிற்று. இன்ன நோய் என்று சொல்லாமல், இன்னது அல்லாத நோய் என்று சொல்லும் பெயர் அது. 2023 ஆம் ஆண்டிலே பல நாட்டு வல்லுநர் கூடி அந்த அடையைக் களைந்து, உடலின் அனுசேபக் கோளாற்றோடு சேர்ந்த ஈரற் கொழுப்பு நோய் என்று பொருள்படும் பெயரைச் சூட்டினர். பெயர் மாற்றத்தால் நோய் மாறாது. எனினும் எம் போன்றவர் பேருந்திலே தலை நிமிர்ந்து இருக்க அது உதவும்.

நோய் என்று எழுதினோம். முதலாந் தரக் கொழுப்பினால் ஒருவர் சாவதில்லை. நம்மூரிலே அதனைச் சுமந்து திரிவோருக்குக் கணக்குமில்லை. அப்படியிருந்தும் அந்தத் தாளைப் படித்த இரவு எமக்கு உறக்கம் வரவில்லை. அதற்குக் காரணம் ஈரலன்று, எமது தகப்பனார்.

அவரும் ஈர்க்குத்தான். யாழ்ப்பாணத்துத் தோட்டக்காரரின் மகனாய்ப் பிறந்து, துலா மிதித்து இறைத்து வளர்ந்து, கொழும்புக்கு எழுதுவினைஞராக வந்து, கொட்டாஞ்சேனையிலே ஓர் அறையிற் குடியிருந்து, பிறகு குடும்பத்தையும் அழைத்தவர். நாற்பத்தொன்பதாம் வயதிலே சலரோகம் என்றார்கள். உறவினர் நம்பவில்லை. "உந்த உடம்புக்கோ சலரோகம்? அது தடிச்ச ஆட்களின்ரை வருத்தமெல்லோ?" என்று எமது பெரியதாயார் வைத்தியரையே பரிகசித்தார். ஐம்பத்தாறிலே இடது காலிற் புண். முழங்காலின் கீழே எடுத்தார்கள். ஐம்பத்தெட்டிலே மாரடைப்பு. எமக்கு இப்பொழுது வயது நாற்பத்தேழு. ஸ்கான் தாளுடன் வந்த குருதிப் பரிசோதனையிலே மூன்று மாதச் சராசரிச் சீனியின் அளவு 6.1. அந்தக் கணக்கிலே 5.7 க்குக் கீழே இருந்தாற் சுகம், 6.5 ஐத் தொட்டால் நீரிழிவு. நாம் நடுத் தெருவிலே நிற்கிறோம்.

ஆகவே படிக்கத் தொடங்கினோம். ஆசிரியனுக்கு அச்சம் வந்தால் அவன் வேறென்ன செய்வான்? படித்தவற்றுட் சில எமக்கே புதுமையாயிருந்தமையால் இவ்வாரம் அவற்றை வாசகர்முன் வைக்கிறோம்.

கொழுப்பைச் சேமிப்பதற்கென்று உடம்பிலே முறையான இடம் உண்டு. அது தோலின் கீழே. அங்கே இருக்கும் கொழுப்பு பெரும்பாலும் சாது. பஞ்ச காலத்துக்கென்று வைத்த களஞ்சியம் போன்றது. களஞ்சியம் நிரம்பிய பின்னும் சரக்கு வந்துகொண்டேயிருந்தால் என்ன ஆகும்? யாழ்ப்பாணத்து நாற்சார் வீட்டிலே நெல்லு மூடைகளுக்கென்று ஓர் அறை இருக்கும். வெள்ளவத்தை அடுக்குமாடி வீட்டிலே அந்த அறை இல்லை. ஊரிலிருந்து உறவினர் இரண்டு மூடை அனுப்பிவிட்டால் ஒன்று விறாந்தையிலும் மற்றது கட்டிலின் கீழும் போய் நிற்கும். பிறகு வீட்டிலே நடப்பதற்கும் இடமிருக்காது, அலுமாரியைத் திறப்பதற்கும் முடியாது. உடம்பும் அவ்வாறே செய்கிறது. தோலின் கீழ் இடமில்லாத கொழுப்பு வயிற்றறையிலும், ஈரலிலும், தசையிலும், சதையியிலும், இருதயத்தைச் சுற்றியும் போய்த் தங்குகிறது. (தமிழ்நாட்டார் கணையம் என்பதை நாம் சதையி என்கிறோம். எது சிறந்த சொல் என்ற வழக்கைப் பிறிதொரு ஞாயிற்றுக்கிழமைக்கு ஒத்திவைப்போம்.)

எவருடைய களஞ்சியம் எவ்வளவு பெரிது என்பது ஆளுக்கு ஆள் வேறுபடும். நூறு கிலோ நிறையிலும் ஈரல் சுத்தமாக இருப்பவர் உண்டு. அறுபது கிலோவிலேயே வழிந்து ஓடத் தொடங்குபவரும் உண்டு. தென்னாசியராகிய நாம் பெரும்பாலும் இரண்டாவது சாதி. இதனை விளக்க இரண்டு வைத்தியர்கள் தம்மையே சாட்சியாக நிறுத்திய கதை சுவையானது. பூனே நகரத்து வைத்தியர் சி. எஸ். யாஜ்னிக்கும் இலண்டனைச் சேர்ந்த ஜோன் யுட்கினும் அருகருகே நின்று படம் எடுத்து 2004 ஆம் ஆண்டு 'லான்செற்' சஞ்சிகையிலே வெளியிட்டனர். இருவருக்கும் உயரத்துக்கேற்ற நிறைச் சுட்டெண் ஒன்றே, 22.3. பார்வைக்கும் இருவரும் மெலிந்தவர்களே. உடம்பிலுள்ள கொழுப்பை அளந்து பார்த்தபோது ஆங்கிலேயருக்கு 9.1 வீதம், இந்தியருக்கு 21.2 வீதம். தராசு இருவரையும் ஒருவர் என்றது. உள்ளே இருவேறு உலகம்.

இது பிறவியிலேயே தொடங்குகிறது என்பதும் யாஜ்னிக் குழுவினரின் ஆராய்ச்சியே. பூனேயை அடுத்த கிராமங்களிலே பிறந்த குழந்தைகளின் சராசரி நிறை 2.7 கிலோ. இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டனிலே 3.5 கிலோ. நம் பக்கத்துக் குழந்தைக்குத் தசை குறைவு, ஈரல் முதலிய உறுப்புகளும் சிறிது. தோலின் கீழ்க் கொழுப்பு மாத்திரம் அவ்வளவு குறையவில்லை. தாயின் வயிற்றிலே வறுமை கண்ட உடம்பு, பின்னாளிலே கொழும்பு வந்து பாணும் சீனியும் கண்டால் என்ன செய்யும்?

இனி ஈரலுக்கு வருவோம். ஏறத்தாழ ஒன்றரைக் கிலோ நிறையுள்ள இவ்வுறுப்பிலே கொழுப்பு ஐந்து வீதத்தைத் தாண்டினால் அதனைக் கொழுப்பு ஈரல் என்பர். ஈரலின் வேலைகளுள் ஒன்று, நாம் உண்ணாத வேளையிலே, சிறப்பாக இரவிலே, குளுக்கோசை ஆக்கிக் குருதியிலே விட்டுக்கொண்டிருப்பது. மூளைக்கு அதனால்தான் இரவெல்லாம் பசியாறுகிறது. நாம் உண்டவுடன் சதையி இன்சுலினைச் சுரக்கும். "போதும், நிறுத்து" என்ற கட்டளையை அது ஈரலுக்குக் கொண்டு போகும். கொழுப்பு மண்டிய ஈரலுக்கு இந்தக் கட்டளை சரியாகக் கேட்பதில்லை. ஒருபுறம் சோற்றிலிருந்து சீனி ஏற, மறுபுறம் ஈரலும் நிறுத்தாமற் சீனியை விட்டுக்கொண்டிருக்கும். அதனைச் சமாளிக்கச் சதையி மேலும் இன்சுலினைச் சுரக்கும். இங்கேதான் வினை. இன்சுலினுக்கு இன்னொரு தொழிலும் உண்டு. மிஞ்சிய மாப்பொருளைக் கொழுப்பாக மாற்றும்படி ஈரலைத் தூண்டுவது அது. 'சீனியை நிறுத்து' என்றாற் கேளாத ஈரல், 'கொழுப்பைச் செய்' என்றால் மாத்திரம் கேட்கிறது! வீட்டிலே பிள்ளைகளை வளர்த்தவர்களுக்கு இந்தச் சுபாவம் விளங்கும். கொழுப்பினால் இன்சுலின் கூடுகிறது. கூடிய இன்சுலினால் கொழுப்புக் கூடுகிறது. செக்கு மாடு போல இது ஆண்டுக்கணக்கிலே சுற்றும். ஆளுக்கு நோவோ நொடியோ ஒன்றும் தெரியாது.

ஈரல் தன்னிடம் மிஞ்சிய கொழுப்பைக் குருதியிலே ஏற்றி வெளியே அனுப்பும். அதனாலே குருதியிற் கொழுப்பளவு உயர்ந்து நாடிகளைக் கெடுக்கும். கொழுப்பு ஈரல் உள்ளவர்களைக் கொண்டுபோவது பெரும்பாலும் ஈரல் நோயன்று, இருதய நோயே. எமது தகப்பனாரும் அப்படித்தான் போனார். அனுப்பிய கொழுப்பிலே ஒரு பங்கு சதையியிலும் படியும். அங்கே இன்சுலின் சுரக்கும் கலங்கள் சோர்ந்து தொழிலை விடத் தொடங்கும் நாளிலே, அதுவரை மறைந்திருந்த நீரிழிவு வெளிப்படும். இங்கிலாந்தின் நியூகாசிற் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் றோய் ரெய்லர் இதனை இரட்டைச் சக்கரம் என்று 2008 ஆம் ஆண்டிலே விளக்கினார். ஒரு சக்கரம் ஈரலிலே, மற்றது சதையியிலே. ஒன்று மற்றதைச் சுழற்றும்.

சீனியைத் தின்றால் ஈரலிலே கொழுப்பு எப்படி வரும் என்று எம்மிடம் மாணாக்கன் ஒருவன் கேட்டான். கொழுப்பு வருவதற்குக் கொழுப்பையன்றோ தின்னவேண்டும் என்பது அவன் தருக்கம். அவனுக்கு நாம் விடை சொன்னது விஞ்ஞான நூலிலிருந்தன்று, சொல்லாராய்ச்சியிலிருந்து. பழைய உரோமர் பன்றிக்கும் வாத்துக்கும் அத்திப்பழத்தை ஊட்டி ஊட்டி அவற்றின் ஈரலைக் கொழுக்கச் செய்து விருந்திலே பரிமாறினர். இலத்தீன் மொழியிலே ஈரலுக்கு 'ஐயெகுர்' என்று பெயர். அத்திப்பழம் ஊட்டிய ஈரல் 'ஐயெகுர் ஃபிக்காட்டும்'. நாளடைவிலே பெயர்ச்சொல் மறைந்து அடைமொழியே நின்றுவிட்டது. இத்தாலியர் இன்றும் ஈரலை 'ஃபேகத்தோ' என்கின்றனர். பிரெஞ்சுக்காரரின் 'ஃபுவா'வும் அதன் வழி வந்ததே. அத்திப்பழத்திலே கொழுப்பேது? வெறும் சீனி. பழத்தின் இனிப்பு ஈரலிலே கொழுப்பாக மாறும் என்பதை உரோமாபுரிச் சமையற்காரன் அறிந்திருந்தான். இத்தாலியன் தன் உடம்பைப் பற்றிப் பேசும்போதெல்லாம் அறியாமலே அத்திப்பழத்தின் பெயரைச் சொல்லிக்கொண்டிருக்கிறான். மாணாக்கன் திருப்தியடைந்தானோ இல்லையோ, நாம் அன்று பிற்பகல் ஆசிரியர் அறையிலே தேநீர்க் கோப்பையைக் கையிலெடுத்துச் சிறிது நேரம் உற்று நோக்கினோம். கோப்பைக்கு இரண்டு கரண்டி. நாளொன்றுக்கு ஐந்து கோப்பை. கரண்டிக்கு ஐந்து கிறாம் என்றால் ஐம்பது கிறாம் சீனி. அவ்வளவுக்கும் நாம் எம்மை இனிப்பு உண்ணாதவர் என்று சொல்லிக்கொண்டு திரிந்தோம்.

இவையெல்லாம் பூனேக்கும் நியூகாசிலுக்கும் உரியன, நமக்கென்ன என்று வாசகர் எண்ணவேண்டாம். கொழும்பிலிருந்து புகைவண்டியிலே சிறிது தூரத்திலுள்ள றாகமையிலே களனிப் பல்கலைக்கழக மருத்துவபீடத்தார் 2007 ஆம் ஆண்டிலே 35 முதல் 64 வயது வரையுள்ள மூவாயிரம் பேரளவிலே பரிசோதித்தனர். அளவு மீறி மது அருந்துவோரை விலக்கிப் பார்த்தபோதும் ஏறத்தாழ மூவரில் ஒருவருக்கு ஈரலிலே கொழுப்பு. மூன்று ஆண்டுகளின் பின் அதே ஆட்களை மீண்டும் பார்த்தனர். ஈரலிற் கொழுப்பு இருந்தவர்களுக்கு, இல்லாதவர்களைக் காட்டிலும் ஏறத்தாழ இருமடங்கு வேகத்திலே நீரிழிவு புதிதாக வந்திருந்தது. கொழும்பு நகரத்திலே பின்னர் நடந்த ஓர் ஆராய்ச்சி, வயது வந்தோரில் நால்வருக்கு ஒருவருக்கு மேல் நீரிழிவு உண்டு என்று கண்டது. ஞாயிற்றுக்கிழமை காலி வீதியிலே ஒரு கலியாண மண்டபத்துப் பந்தியிலே இருந்து இக்கணக்கை எண்ணிப் பார்த்தோம். எதிர் வரிசையிலே பன்னிருவர். பாயசம் வந்தபோது ஒருவரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. நாமும் சொல்லவில்லை, அது தை மாதத்துக்கு முந்திய காலம்.

தராசை நம்பலாகாது என்றால் எதனை நம்புவது? தையற்காரரின் நாடாவை. தென்னாசிய ஆடவருக்கு இடைச் சுற்றளவு 90 சென்ரிமீற்றர், பெண்டிருக்கு 80 சென்ரிமீற்றர். அதற்கு மேற்போனால் உள்ளே வழிகிறது என்று ஐயுறவேண்டும் என்பது சர்வதேச நீரிழிவுச் சம்மேளனம் வகுத்த எல்லை. வேட்டி கட்டுகிறவர்களுக்கு இடை பெருப்பது தெரிவதில்லை என்பது எமது தனிப்பட்ட ஆராய்ச்சி முடிவு. காற்சட்டை காட்டிக் கொடுக்கும், வேட்டி மன்னிக்கும். மகள் நாடாவைப் பிடித்து அளந்தாள். மூச்சை உள்ளே இழுத்தோம். "அப்பா, மூச்சை விடுங்கோ" என்றாள். 94.

ஆறுதலான செய்தி இனித்தான் வருகிறது. போன வழியே திரும்பி வரவும் கூடும். றோய் ரெய்லர் 2011 ஆம் ஆண்டிலே நீரிழிவுள்ள பதினொருவருக்கு எட்டு வாரம், நாளொன்றுக்கு அறுநூறு கலோரி அளவான உணவு மாத்திரம் கொடுத்துப் பார்த்தார். ஒரு வாரத்துக்குள் ஈரற் கொழுப்பிலே ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு குறைந்து, காலை வெறுவயிற்றுச் சீனி சாதாரண நிலைக்கு வந்தது. சதையி மெதுவாக, எட்டு வாரத்திலே தெளிந்தது. பிறகு அவரும் கிளாஸ்கோவின் மைக் லீனும் 298 பேரைக் கொண்டு ஒரு பெரிய பரிசோதனை நடத்தினர். அனைவரும் நீரிழிவு வந்து ஆறு ஆண்டுகளுக்கு மேற்படாதவர்கள். 2017 ஆம் ஆண்டிலே வெளிவந்த முடிவின்படி, நிறை குறைக்கும் திட்டத்திலே சேர்ந்தவர்களுள் ஓராண்டின் பின் 46 வீதத்தினர் மருந்தின்றியே நீரிழிவு நீங்கியிருந்தனர். வழக்கமான சிகிச்சை பெற்றவர்களுள் அது 4 வீதமே. பதினைந்து கிலோவும் அதற்கு மேலும் இறக்கியவர்களிலே பத்துப் பேரில் எட்டுப் பேருக்கு மேல் நீங்கிற்று. இரண்டாம் ஆண்டிலே 46 என்பது 36 ஆகக் குறைந்தது என்பதையும் மறையாது சொல்லவேண்டும். இறக்கிய நிறையை மீண்டும் ஏறவிடாமற் காப்பது கடினம். நீண்ட காலம் நீரிழிவுடன் இருந்தவருக்கு மீட்சியும் அரிது.

குளிகையோ ஊசியோ எடுத்து வருகிறவர்கள் இதைப் படித்துவிட்டு நாளைக் காலை பட்டினி கிடக்கத் தொடங்கவேண்டாம். சீனி திடீரென்று இறங்கி மயக்கம் வரும். தம் வைத்தியரைக் கேளாமல் ஒன்றும் செய்யலாகாது. ஈரல் நோய்க்கென்றே 2024 ஆம் ஆண்டு அமெரிக்காவிலே ஒரு மருந்து அங்கீகாரம் பெற்றது. அது அழற்சியும் தழும்பும் முற்றியவர்களுக்கே. எமது முதலாந் தரத்துக்கு வைத்தியர் எழுதித் தந்த மருந்து காலி வீதிக்கு மேற்கே இருக்கிறது. கடற்கரையோரம்.

ஆகவே மாலை ஐந்தரைக்கு மரைன் டிரைவிலே நடக்கிறோம். நடையினாலே நிறை குறையாவிட்டாலும் ஈரற் கொழுப்பு ஓரளவு குறையும், தசையும் சீனியை வாங்கிக்கொள்ளும் என்கிறார்கள். நடந்து முடிந்ததும் தெருவோரம் வடை வாங்கித் தின்போர் கூட்டத்தைக் கடந்து வருவதுதான் கடினமான பகுதி. தேநீருக்குச் சீனியை விட்டோம். முதல் இரண்டு வாரம் வாழ்க்கையே கசந்தது. மூன்றாம் வாரத்திலே தேயிலைக்கு என்று ஒரு மணம் இருப்பதை நாற்பத்தேழு வயதிலே கண்டுபிடித்தோம். இரவு இடியப்பம் பன்னிரண்டு என்றிருந்தது ஐந்தாயிற்று. அதனை ஈடுசெய்யக் கீரையும் பயறும். சோடாப் போத்தல்களிலே 2016 ஆம் ஆண்டு முதல் அரசாங்கம் சிவப்பு, மஞ்சள், பச்சை என்று குறி போட வைத்திருக்கிறது. நூறு மில்லிலீற்றரிலே பதினொரு கிறாமுக்கு மேற் சீனி இருந்தாற் சிவப்பு. இத்தனை ஆண்டும் அதைப் பார்த்திருந்தும் போத்தலின் அலங்காரம் என்றே நினைத்திருந்தோம்.

எட்டு மாதத்திலே ஐந்து கிலோ இறங்கிற்று. நாடா 87 என்கிறது. கொட்டாஞ்சேனை நண்பர், "மாஸ்டர், என்ன வருத்தம்? ஆள் உருகிப் போனீர்" என்று உண்மையான கவலையுடன் கேட்டு, தமது வீட்டிலிருந்து தொதல் கொண்டுவந்து தந்தார். சராசரிச் சீனி 5.8. அடுத்த மாதம் மறுபடி ஸ்கான்.

சென்ற கிழமை ரொறன்ரோவிலிருந்து தம்பி பேசினான். எம்மைப் போலன்று, சற்றுச் சதைப்பிடிப்பானவன். இந்தக் கதையெல்லாம் சொன்னோம். ஈர்க்கு மாஸ்டருக்குக் கொழுப்பு என்றதும் வயிறு குலுங்கச் சிரித்தான். வீட்டிலே நாடா இருக்கிறதா, எடுத்து அளந்து பார் என்றோம். தொலைபேசியை வைத்துவிட்டுப் போனவன் திரும்பி வரச் சிறிது நேரம் ஆயிற்று.

"தொண்ணூற்றொன்பது" என்றான். பிறகு, "அண்ணை, அப்பாவுக்கு எத்தினை வயதிலை வந்தது?" என்று கேட்டான்.

நாற்பத்தொன்பது என்றோம். அவனுக்கு வருகிற கார்த்திகையிலே நாற்பத்தைந்து.